பழைய எம்.ஜி.பி. வாங்கப் போகிறீர்களா? தகட்டைப் பாருங்கள்

பிரிட்டனில் இருந்துகொண்டு, கையில் அளவான பணத்தோடு, பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க ஆசைப்படுபவருக்கு நான் முதலில் சொல்லும் பெயர் எம்.ஜி.பி. ஜாகுவார் ஈ-டைப்பும் ஆஸ்டின் ஹீலி 3000-மும் சாதாரணச் சம்பளக்காரர்களின் கைக்கு எட்டாத விலைக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. எம்.ஜி.பி. இன்னும் எட்டுகிறது. காரணம் எளிது. ஆக்ஸ்ஃபோர்டு நகருக்குத் தெற்கே ஆபிங்டன் என்ற சிற்றூரில் இருந்த தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை இந்த வண்டி தயாரானது. திறந்த ரோட்ஸ்டர், கூரை வைத்த ஜி.டி., பெரிய எஞ்சின் வைத்த அண்ணன் தம்பிகள் எல்லாம் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேல். பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போய்விட்டது என்றாலும் பிரிட்டனிலும் நிறையவே மிஞ்சியிருக்கின்றன. ஒரு வண்டி பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரம் வேறொன்று விற்பனைக்கு வரும். பழைய வண்டி வாங்குபவருக்கு இதைவிடப் பெரிய பலம் கிடையாது.

எஞ்சினைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் அம்பாசிடரில் பல்லாண்டு ஓடிய 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. எம்.ஜி.பி.யில் இருப்பது அதே குடும்பத்தின் 1,798 சி.சி. எஞ்சின், இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டரோடு சுமார் 95 குதிரைத்திறன். அம்பாசிடர் எஞ்சினை இறக்கி ஏற்றிய ஒரு மெக்கானிக்கை இந்த பானெட்டுக்கு முன்னால் நிறுத்தினால் பத்து நிமிடத்தில் எது எங்கே என்று சொல்லிவிடுவார். வார்ப்பிரும்பால் ஆன, கனமான, சுலபத்தில் சாகாத எஞ்சின். தேய்ந்துபோனாலும் திரும்பக் கட்டலாம். அதற்கு ஆகும் செலவு தெரிந்த செலவு.

உடம்புத் தகட்டில் ஆகும் செலவு அப்படித் தெரிந்த செலவு அல்ல. துருவைப் பிடித்துக் கிளறத் தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்று டிங்கரிங் செய்பவராலேயே சொல்ல முடியாது. ஆகவே எம்.ஜி.பி. வாங்குவது என்றால் தகட்டை வாங்குவது. எஞ்சின், கியர்பாக்ஸ், சீட், குரோம் எல்லாம் அதற்குப் பிறகு. எஞ்சின் புகைவிடும், சீட் கிழிந்த, ஆனால் அடித்தகடு கெட்டியாக இருக்கும் வண்டியும், பளபளவென்று பெயின்ட் அடித்து அடியில் அரித்துப்போன வண்டியும் ஒரே விலைக்கு நின்றால், கண்ணை மூடிக்கொண்டு முதலாவதை எடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு வண்டியின் கட்டுமானத்தைப் பார்க்க வேண்டும். லாரி போலத் தனிச் சேசிஸ் இதற்குக் கிடையாது. மடித்து வெல்டிங் செய்த தகடுகளே வண்டியின் எலும்பு. அட்டைப்பெட்டியின் மூடியை வெட்டி எடுத்துவிட்டால் பெட்டி எப்படி முறுக்கிக்கொள்ளுமோ, கூரை இல்லாத ரோட்ஸ்டரும் அப்படி முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தடுப்பது கதவுக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஓடும் பெட்டி வடிவத் தகடுகள். நம் ஊர் டிங்கர்கள் ரன்னிங் போர்டு என்று சொல்லும் இடம். பிரிட்டனில் சில் என்பார்கள். வெளியே தெரிவது ஒரு தகடுதான். அதற்குப் பின்னால் உள்தகடு, நடுவில் ஒரு தடுப்புத் தகடு, அடியில் படிபோல் மடித்த இன்னொரு நீளப் பட்டை என்று நாலைந்து அடுக்கு இருக்கிறது. பிரிட்டனின் குளிர்காலச் சாலைகளில் பனி உறையாமல் இருக்க உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு நீர் உள்ளே புகுந்தால் வெளியே வர வழியில்லை. துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. பெயின்டில் ஒரு சின்னக் கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

இந்த ரன்னிங் போர்டை ஒழுங்காக மாற்றுவது நீண்ட வேலை. அது முன் மட்கார்டுக்கு அடியிலும் பின் மட்கார்டுக்கு அடியிலும் தொடர்ந்து போகிறது. ஆகவே முழுத் தகட்டையும் மாற்ற முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும், பின் மட்கார்டின் அடிப்பகுதியை வெட்ட வேண்டும், கதவுச் சட்டம் அசையாமல் முட்டுக் கொடுக்க வேண்டும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் துருப்பிடித்த பழைய தகட்டின் மேலேயே ஒரு புதுத் தகட்டைக் கவிழ்த்து வெல்டிங் அடித்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். இரண்டு மூன்று மழைக்காலம் தாங்கும். அதற்குள் விற்றுவிடுவார்கள். அப்படி விற்கப்படும் வண்டி உங்கள் கைக்கு வரக்கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் எட்டி நின்று பக்கவாட்டில் பாருங்கள். கதவின் பின்விளிம்புக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே குறுகி, கீழே அகன்றிருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது என்று பொருள். அடுத்து, உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, ஜாக்கி போடும் இடத்தில் வண்டியை ஒரு பக்கம் தூக்கச் சொல்லுங்கள். தூக்கிய நிலையில் அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். முன்பு போலவே சுலபமாகத் திறந்து மூடினால் நல்லது. கதவு இடித்தால், இடைவெளி கண்ணெதிரே மாறினால், அல்லது ஜாக்கி வண்டியைத் தூக்காமல் தகட்டுக்குள் புகத் தொடங்கினால், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அனுமதி தர மறுக்கும் உரிமையாளரும் ஒரு பதிலைத் தந்துவிட்டார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கதவில் இன்னொரு சாட்சி உண்டு. முன்பக்கச் சின்ன முக்கோணக் கண்ணாடி முடியும் இடத்துக்குக் கீழே, கதவுத் தகட்டில் செங்குத்தாக ஒரு மெல்லிய விரிசல் விடுவது இந்த வண்டியின் பழைய வியாதி. விரிசல் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், சரிசெய்யலாம். ஆனால் அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தால் கவனியுங்கள்.

ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ரன்னிங் போர்டு, முன் மட்கார்டில் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் கீழ்ப்பகுதி, பின்சக்கர வளைவு, கதவின் அடிவிளிம்பு ஆகிய இடங்களில் மெதுவாக வைத்துப் பாருங்கள். தகடு இருந்தால் பிடிக்கும். பட்டி இருந்தால் வழுக்கி விழும். முன் மட்கார்டின் உள்பக்கம் சேறு தங்கிக் கெட்டிப்பட்டுக் கிடக்கும் இடம் ஒன்று உண்டு. அந்தச் சேறு ஈரத்தைப் பிடித்து வைத்து மட்கார்டையும் ரன்னிங் போர்டின் முன்முனையையும் சேர்த்தே அரித்துவிடும். கையை விட்டுத் தடவிப் பாருங்கள், விரலில் என்ன வருகிறது என்று.

பிறகு உள்ளே. கார்பெட்டைத் தூக்குங்கள். ஈரமாக இருந்தால் தளத்தகட்டைத் தட்டிப் பாருங்கள். சீட்டுக்குப் பின்னால் ஒரு மூடி இருக்கும். அதற்குக் கீழே பேட்டரி. 1974 வரை வந்த வண்டிகளில் ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு, அதற்குப் பிறகு பன்னிரண்டு வோல்ட் ஒன்று. அந்தத் தொட்டிகள் அமிலம் சிந்தி ஓட்டையாகும் இடம். அதை ஒட்டியே பின் ஸ்பிரிங் பட்டையின் முன்முனை மாட்டியிருக்கும் இடமும் இருப்பதால், அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்ப்பதே ஒரே வழி. பழைய உடை போட்டுக்கொண்டு போங்கள். அடியில் புதிதாகக் கறுப்புத் தார்ப்பூச்சு அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். துருவைத் தடுக்க அடிப்பவர்களும் உண்டு, மறைக்க அடிப்பவர்களும் உண்டு. வேலை நடந்தபோது எடுத்த படங்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். நல்ல வேலை செய்தவர் படம் எடுக்காமல் இருந்திருக்க மாட்டார்.

மழையில் நனைந்த வண்டியைப் பார்க்கப் போகாதீர்கள். ஈரம் பட்டால் எந்தப் பெயின்டும் மின்னும்; கொப்புளமும் அலையும் தெரியாது.

தகடு முழுக்கப் போய்விட்டால் என்ன வழி என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் 1988 முதல் பழைய அச்சுகளையே பயன்படுத்தி எம்.ஜி.பி.யின் முழு உடம்பையும் புதிதாகச் செய்து தருகிறது. இது பெரிய வரம். ஆனால் அந்த வெற்று உடம்பின் விலையே பத்தாயிரம் பவுனைத் தாண்டும். பெயின்டும் பூட்டும் கூலியும் தனி. அந்தப் பணத்துக்கு நன்றாக ஓடும் எம்.ஜி.பி.யே கிடைக்கும். ஆகவே பட்ஜெட் போட்டு வாங்குபவருக்கு அது கணக்கில் வராது. ஏற்கெனவே ஹெரிட்டேஜ் உடம்பு போட்ட வண்டி, நியாயமான விலைக்கு, சரியான ரசீதுகளோடு வந்தால் மட்டும் விடாதீர்கள்.

இனி எந்த மாதிரி வாங்குவது. 1974 இலையுதிர்காலம் வரை வந்தவை குரோம் பம்பர் வண்டிகள்; அதற்குப் பிறகு அமெரிக்கச் சட்டத்துக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. பம்பர் உயரத்துக்கான விதிக்காக வண்டியையே ஓர் அங்குலத்துக்கும் மேல் தூக்கினார்கள். முதலிரண்டு ஆண்டுகளில் ரோட்ஸ்டரின் முன் ஆன்ட்டி-ரோல் பாரையும் எடுத்துவிட்டார்கள். விளைவு, வளைவுகளில் வண்டி சாயத் தொடங்கியது. ரசிகர்கள் முகம் சுளித்தார்கள், விலை இறங்கியது, இன்றுவரை குரோம் வண்டியைவிட ரப்பர் வண்டி மலிவுதான். இதில் உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. 1976 கோடைக்குப் பிறகு வந்த வண்டிகளில் முன்னும் பின்னும் ஆன்ட்டி-ரோல் பார் வைத்து அந்தக் குறையைப் பெருமளவு சரிசெய்துவிட்டார்கள். கறுப்பு மூக்கு உங்கள் கண்ணை உறுத்தாது என்றால் 1977-80 வண்டி நல்ல பேரம். குறைந்த விலைக்கு, இளைய தகடு.

அதைவிட நல்ல பேரம் ஜி.டி. என்பது என் அழுத்தமான கருத்து. 1965-இல் வந்த இந்தக் கூரை வைத்த உடம்பின் வடிவத்தில் இத்தாலியின் பினின்ஃபரீனா கைவைத்திருக்கிறது. அழகிலும் குறைவில்லை. பின்கதவைத் தூக்கினால் சாமான் வைக்க இடம், மழையில் ஒழுகாத கூரை, ரோட்ஸ்டரைவிட விறைப்பான உடம்பு. ஆனால் எல்லோரும் திறந்த வண்டியையே கேட்பதால் ஜி.டி. எப்போதும் பல நூறு, சில சமயம் பல ஆயிரம் பவுன் குறைவாகப் போகிறது. வருடத்தில் பாதி நாள் மழை பெய்யும் நாட்டில் இதை ஏன் குறை என்று நினைக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. வி8 எஞ்சின் வைத்த ஜி.டி. 2,591 மட்டுமே தயாரானது. ஆறு சிலிண்டர் எம்.ஜி.சி.யும் குறைவுதான். அவற்றைப் பார்த்து ரசியுங்கள், பணம் மிச்சப்படும்.

அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த வண்டிகளும் சந்தையில் நிறைய. கலிஃபோர்னியா, அரிசோனா போன்ற வறண்ட மாநிலத்து வண்டி என்றால் தகடு அருமையாக இருக்கும். ஆனால் 1975-க்குப் பிறகு அமெரிக்காவுக்குப் போனவற்றில் ஒற்றை ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டரும் புகைக்கட்டுப்பாட்டுக் கருவிகளும் சேர்ந்து திறனை அறுபது குதிரையளவுக்கு இறக்கிவிட்டன. இடப்பக்க ஸ்டீரிங்கை வலப்பக்கம் மாற்றிய வண்டி என்றால் யார், எப்படி மாற்றினார்கள் என்று கேளுங்கள். சேசிஸ் எண் ஜி.எச்.என். என்று தொடங்கினால் ரோட்ஸ்டர், ஜி.எச்.டி. என்றால் ஜி.டி.; அதையடுத்து யு என்ற எழுத்து இருந்தால் அமெரிக்காவுக்குச் செய்த வண்டி. குரோம் பம்பர் மாட்டிய வண்டியின் சேசிஸ் எண் 1978-ஐக் காட்டினால், பின்னாளில் மாற்றியிருக்கிறார்கள். மாற்றியது குற்றமில்லை; அதற்குக் குரோம் வண்டி விலை கேட்பதுதான் தவறு.

எஞ்சின் பக்கம் சீக்கிரம் முடித்துவிடலாம். நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், ஆறிய எஞ்சின் எப்படிக் கிளம்பும் என்று உங்களுக்குக் காட்ட உரிமையாளர் விரும்பவில்லை. டேப்பெட் சத்தம் இந்த எஞ்சினில் இயல்பு. நன்றாகச் சூடான பிறகு ஓடும்போது ஆயில் பிரஷர் 50-க்கு மேலும், ஐடிலிங்கில் 15-க்குக் குறையாமலும் நின்றால் திருப்தி. ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது நீலப் புகை வந்தால் எஞ்சின் வேலை இருக்கிறது. அதை விலையில் கழியுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆகவே சிலிண்டர் ஹெட்டில் கடினமான வால்வு சீட் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். 2021 முதல் அங்கே சாதாரணப் பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால்; பழைய ரப்பர் ஹோஸ்களுக்கு அது ஆகாது. ஐந்து சதவீதத்துக்கு மேல் போகாத சூப்பர் பெட்ரோலையே ஊற்றுங்கள், எரிபொருள் ஹோஸ்களைப் புதிதாக மாற்றுங்கள்.

டெஸ்ட் டிரைவில் ஓவர்டிரைவ் வேலை செய்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். டாப் கியரில் 70 மைல் வேகத்தில் எஞ்சின் ஏறக்குறைய 3,900 சுற்றில் கத்திக்கொண்டிருக்கும்; ஸ்விட்சைத் தட்டினால் 3,200 அளவுக்கு இறங்கி அமைதியாகும். மோட்டார்வேயில் தொலைதூரம் போக நினைப்பவருக்கு இது இல்லாத வண்டி வேண்டாம். பிறகு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ப்ளே தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ப்ளே மறைந்தால் பேரிங். மறையாவிட்டால் கிங் பின். ஒவ்வொரு 3,000 மைலுக்கும் அதற்குக் கிரீஸ் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்றால் இங்கே தெரிந்துவிடும். உரிமையாளர் வண்டியைக் கவனித்தாரா என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி வேறு இல்லை. கம்பிச் சக்கரம் என்றால் முன்னும் பின்னும் மாற்றி மெதுவாக நகர்த்தும்போது ‘டக்’ என்ற சத்தம் வருகிறதா கேளுங்கள். நடுவில் இருக்கும் பல் தேய்ந்திருந்தால் வரும். சக்கரமும் ஹப்பும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும், ஐந்து சக்கரத்துக்குக் கணக்குப் பாருங்கள்.

1967 வரை வந்த வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே எர்த். அதை மாற்றாமல் வைத்திருக்கிறார்களா என்று தெரியாமல் புது ரேடியோ மாட்டினால் ரேடியோ போய்விடும்.

காகிதங்களுக்கு வருவோம். லாக் புக்கில் இருக்கும் சேசிஸ் எண்ணும் பானெட்டுக்கு அடியில் இருக்கும் தகட்டு எண்ணும் ஒன்றா என்று நீங்களே படித்துப் பாருங்கள். நாற்பது வயதைத் தாண்டிய வண்டிகளுக்குச் சாலை வரி கிடையாது. லண்டனின் அல்ட்ரா லோ எமிஷன் கட்டணமும் வரலாற்று வண்டியாகப் பதிவானவற்றுக்கு இல்லை. 2018 மே மாதம் முதல், பெரிதாக மாற்றியமைக்கப்படாத இத்தகைய வண்டிகளுக்கு வருடாந்தர எம்.ஓ.டி. சோதனையும் கட்டாயமில்லை. முதலிரண்டும் நமக்கு லாபம். மூன்றாவது ஆபத்து. பல ஆண்டுகளாக எந்தச் சோதனைக்கூடமும் அடியில் எட்டிப் பார்க்காத வண்டி சட்டப்படி சாலையில் ஓடலாம். ஆகவே புதிதாக ஒரு எம்.ஓ.டி. செய்து தரச் சொல்லுங்கள். செலவை நீங்களே ஏற்றாலும் நஷ்டமில்லை. பழைய சோதனை முடிவுகளை அரசு இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு 2005 வரை பின்னோக்கிப் பார்க்கலாம், இலவசம். ஒருமுறை துரு என்று எழுதியிருந்து, அடுத்த முறை அந்த வரி காணாமல் போயிருந்தால், நடுவில் என்ன வேலை நடந்தது, ரசீது எங்கே என்று கேளுங்கள். ஓடாமல் நின்ற வருடங்களும் அதில் தெரியும். ஐந்தாறு வருடம் கொட்டகையில் நின்ற வண்டியைவிட, வருடம் இரண்டாயிரம் மைல் ஓடிய வண்டி மேல்.

உங்களிடம் பத்தாயிரம் பவுன் இருந்தால் ஏழாயிரத்து ஐந்நூறுக்கு மேல் வண்டிக்குக் கொடுக்காதீர்கள். மீதி முதல் வருடத்துக்கு. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பூ தேயாமல் இருந்தாலும் பத்து வருடத்து டயரை நம்பி ஓட்ட வேண்டாம். பிரேக் ஹோஸ், பிரேக் ஆயில், கூலன்ட், எஞ்சின் ஆயில் எல்லாவற்றையும் வாங்கிய வாரமே மாற்றுங்கள். உதிரிப்பாகம் கிடைக்காது என்ற கவலை வேண்டாம். இந்த வண்டிக்கு ஏறக்குறைய எல்லாமே புதிதாகக் கிடைக்கிறது, விலையும் நியாயம். எம்.ஜி. ஓனர்ஸ் கிளப், எம்.ஜி. கார் கிளப் இரண்டில் ஒன்றில் வண்டி வாங்குவதற்கு முன்பே சேர்ந்துவிடுங்கள். உங்கள் ஊர்ப்பக்கம் இருக்கும் உறுப்பினர் ஒருவரை வண்டி பார்க்க அழைத்தால் சந்தோஷமாக வருவார். உங்களைப் போல அவர் அந்த வண்டியின் மேல் ஆசைப்பட்டிருக்க மாட்டார் என்பதே பெரிய உதவி.

எம்.ஜி.பி.யும் விலை அதிகமாகத் தெரிந்தால் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரைப் பாருங்கள். சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1960-களில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு நினைவிருக்கிறதா? அதன் மூலமான டிரையம்ஃப் ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கி அதன்மேல் கட்டியதுதான் ஸ்பிட்ஃபயர். தனிச் சேசிஸ் உண்டு. பானெட் முழுதாக முன்னால் சாய்வதால் வேலை செய்யச் சுலபம். எம்.ஜி.பி. அளவுக்கு உறுதி இல்லை, ஆனால் விலை குறைவு.

வாங்கும் காலத்தையும் யோசியுங்கள். வசந்தத்தில் வெயில் தலைகாட்டியதும் திறந்த வண்டிகளின் விலை ஏறும். நவம்பர், டிசம்பரில் கராஜுக்கு இடமில்லாமல், இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க மனமில்லாமல் விற்பவர்கள் வருவார்கள். மழை இல்லாத ஒரு காலையாகப் பார்த்து, காந்தம், டார்ச், பழைய சட்டையோடு போங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் பணத்தை முதல்முறை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.